கோணல் எழுத்து

எல்லாம் வந்துவிட்டது, அது ஒன்று மட்டும் வரவில்லை. சண்முகக்கனி புதுக் கம்ப்யூட்டரின் ஃபாண்ட் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழே உருட்டினாள். கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற வளைந்து நெளிந்த எழுத்துகள் வந்திருந்தன, தீப்பெட்டி லேபிளுக்கான குண்டு எழுத்துகள் வந்திருந்தன, கடலைமிட்டாய்க் கம்பெனிக்காரர் ஒருவர் மட்டும் பிடிவாதமாகக் கேட்கிற அந்த நட்சத்திரம் வைத்த எழுத்துகூட, கூப்பிடாமலே விருந்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி, வந்திருந்தது. கோணல் மட்டும் இல்லை. பெயர் மாறி வேறு எங்காவது நிற்கிறதோ என்று கீழிருந்து மேலே ஒருமுறை போய்ப் பார்த்தாள். இல்லை. அவள் புருஷன் பால்வண்ணன் செய்த ஃபாண்ட் அது. அவர் கையெழுத்து அப்படியே எழுத்தாகி உட்கார்ந்திருக்கும், தட்டினால் அவர் எழுதியது போலவே விழும். வருகிற வெள்ளிக்கிழமை அவர் போய் ஒரு வருஷம். நினைவஞ்சலி போஸ்டரை அவர் எழுத்திலேயே போட வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு பண்ணி மாசக்கணக்காகிறது. போன வருஷம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி அவர்கள் டிசைன் கடைக்கு எதிர்க்கடையில் அடித்தது. அவள் சுருண்டு கிடந்தாள், யார் எங்கே என்ன அடித்தார்கள் என்பதெல்லாம் காதில் ஏறவில்லை. காரியம் முடிந்து கடை திறக்க வந்த அன்றைக்குத்தான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்தாள். மேகம், புறா, நடுவில் அவர் முகம், கீழே தடித்த கறுப்பு எழுத்தில் பெயர். ஊரில் சாகிற எல்லாருக்கும் அதே எழுத்துதான். அவளே எத்தனை பேருக்கு அதில் அடித்துக் கொடுத்திருக்கிறாள், ஒருநாளாவது கை கூசியிருக்கிறதா. அன்றைக்குக் கூசியது. அவரையும் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்திவிட்டார்களே என்று இருந்தது. மழை வந்து அந்தப் போஸ்டர் உரிந்து விழுகிறவரை வேறு தெரு வழியாகச் சுற்றித்தான் கடைக்கு வந்தாள்.

அழகான கையெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். பால்வண்ணனின் எழுத்தைக் கையெழுத்து என்பதே பெரிய மனசு. ‘க’ ஒரு பக்கம் சாயும், ‘ழ’ இன்னொரு பக்கம் வாலைச் சுழற்றிக்கொண்டு பக்கத்து எழுத்தின் மேல் ஏறும், கொம்பு எல்லாம் மாடு முட்டப் போகிற மாதிரி நிற்கும். ஊருக்கெல்லாம் நூல் பிடித்தது போலப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிற மனிதர், கையில் பேனாவைக் கொடுத்தால் இந்த லட்சணம். கல்யாணமான புதுசில் சாமான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அவர் அந்த ஃபாண்டையே செய்தார். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, ஸ்கேன் பண்ணி, ஓரங்களைச் சரி பண்ணாமல் வேண்டுமென்றே கோணலாகவே விட்டு, கோணல் என்று பெயரும் வைத்து, ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடனே திரை முழுக்கப் பெரிசாக, “கனி, இனிமே என் எழுத்தை நீயும் எழுதலாம்” என்று வந்து நின்றது. வாடிக்கையாளர் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை, எவர் கேட்பார். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஆனது அது. வெளியே போகும்போது திரையில் ஒரு கோப்பை விட்டுவிட்டுப் போவார். கனி, தோசை மாவு வாங்கணும். கனி, லேபிள்காரர் வந்தா நான் ஊரில் இல்லை. கனி, கோபம் போயிருச்சா. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவள் வைத்திருந்தாள், பென்டிரைவில் போட்டுப் புதுசுக்கும் கொண்டு வந்துவிட்டாள். இப்போது அதில் ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் குப்பை கொட்டிக் கிடக்கிறது. பழைய தமிழ் ஃபாண்டுகளின் கதை அதுதான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே மாட்டியிருப்பது தமிழ்ச் சட்டை, சட்டை இல்லையென்றால் யாரென்றே தெரியாது. அவள் அந்தக் குப்பையைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கீபோர்டின் மேல் விரலை வைத்து, திரையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தாமல் தொட்டுக்கொண்டே போனாள். கண்ணுக்குப் புரியாதது விரலுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் தட்டிய விரல். வலது கை, இடது கை, மறுபடி வலது. கனி, மழை வருது, கொடியில துணி கெடக்கு. அவ்வளவுதான். அந்த மழை எந்த மழை, அந்தத் துணியை எடுத்தாளா நனைய விட்டாளா, எதுவும் நினைவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கோமதிநாயகம், பால்வண்ணனின் தம்பி, சாத்தூரில் இருக்கிறான். “மதினி, போஸ்டர் ஆச்சா? சாயங்காலத்துக்குள்ள குடுத்தாத்தான் நாளைக்கு அடிச்சுத் தருவேங்கான் பிரஸ்காரன்.” ஆச்சுய்யா, ஆகிக்கிட்டே இருக்கு என்றாள். “ஆகிக்கிட்டே இருக்குன்னா?” “அண்ணன் எழுத்து இந்த மெஷின்ல வரல. தேடுதேன்.” அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. நல்ல பையன், அண்ணன் பேச்சு வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வான். “இல்ல மதினி, செரமமா இருந்தா இங்கனயே ஒரு கடையில சொல்லிருதேன். படம் எங்கிட்ட இருக்கு. நீங்க போட்டு அலட்டிக்கிடாதீக.” “வேற கடை வேண்டாம்,” என்றாள். கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது. உடனே தணிந்து, “போன வருசம் வேற கடையில போட்டது போதும்யா. அவுக எழுத்துல வரட்டும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருதேன்,” என்றாள். அவன் சரி சரி என்று வைத்தான். வைத்த பிறகுதான் பயம் வந்தது. அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னாயே, எதை அனுப்புவாய். அது எங்கே இருக்கிறது என்றே தெரியாதே. ஒருவேளை அது எங்கேயுமே இல்லையென்றால். ஒரு மனிதனின் எழுத்து காணாமல் போகுமா. போகும். மனிதனே போகிறான். சாத்தூர் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், அங்கே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கும் திரையில் ஒரு கோப்பு இருந்திருக்க வேண்டும், வழக்கமாக இருக்கும், அன்றைக்கு இருந்ததா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. போன் வந்ததும் கம்ப்யூட்டரை அணைக்காமல்கூட ஓடினாள். இடையில் கரண்ட் போய் வந்திருக்கும். இருந்திருந்தால் சேமிக்காமல் போயிருக்கும். இந்த நினைப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான், அதிலேயே வண்டி சிக்கிக்கொள்ளும், முன்னாலும் போகாது பின்னாலும் போகாது. இருந்ததா. இல்லையா. இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்.

பழைய கம்ப்யூட்டர் மேசைக்கடியில்தான் இருந்தது, ஒயரெல்லாம் பிடுங்கப்பட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. ஏன் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டால், பயம்தான். கொஞ்ச நாளாகவே அது சூடேறினால் தானாக அணைந்துவிடும். கடைசியாக அணைந்தபோது சர்வீஸ்காரர் திறந்து பார்த்து, “இதுல இனி உசுரு இல்லக்கா. வேணுங்கிறத எடுத்துட்டுப் புதுசுக்குப் போயிருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். வேணுங்கிறதை எடுத்தாள். விண்டோஸுக்குள் இருக்கிற ஃபாண்ட் ஃபோல்டரை அப்படியே அள்ளிக்கொண்டாள். பிறகு டி டிரைவில் இருந்த வேலைகள். அதில் பால்வண்ணன் இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தார். ஒன்று நல்லது, இன்னொன்று கெட்டது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை எல்லாம் நல்லதில். கண்ணீர் அஞ்சலி, கருமாதிக் கார்டு, அதற்கான படங்கள், எழுத்துகள் எல்லாம் கெட்டதில். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் கலக்கக் கூடாது. மேகமும் புறாவும் தவறிக் கல்யாணப் பத்திரிகையில் போய் விழுந்தால் அப்புறம் கடையைத் திறக்க முடியாது. இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் வைத்திருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதலில் பிள்ளையார் சுழி அடித்து, நல்லதை மட்டும் ஏற்றினாள். கெட்டது பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு என்றால் எப்போது என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஃபோல்டரை அவர் போனதிலிருந்து அவள் திறக்கவே இல்லை. அஞ்சலி போஸ்டர் என்று வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பினாள். எதிர்க்கடைக்காரருக்கே ஆச்சரியம். ஆனால் கோணலுக்கும் கெட்டதுக்கும் என்ன சம்பந்தம், கோணல் ஃபாண்ட் ஃபோல்டரில்தானே இருந்தது, கண்ணால் பார்த்தாளே, அள்ளும்போது அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதே.

“ஆள் இருக்கா?” என்று வாசலில் சத்தம் கேட்டது. கயத்தாறுப் பக்கத்திலிருந்து சீனிச்சாமி அண்ணாச்சி, பேரனுக்குக் காதணி விழாப் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமல் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “தாயி, தாய்மாமன்மாரு பேரு மொகப்புலயே வரணும். ரெண்டு பேரு. மூத்தவன் பேரை மேல போட்டுட்டு எளையவனைக் கீழ போட்டம்னா, எளையவன் சீர் கொண்டாரமாட்டான். எளையவனை மேல போட்டா மூத்தவன் வீட்டுக்கே வரமாட்டான்.” “பக்கத்துப் பக்கத்துல போட்டுருவம் அண்ணாச்சி.” “எடப்பக்கம் யாரு, வலப்பக்கம் யாரு?” அவள் யோசித்தாள். பால்வண்ணன் இருந்தால் இந்நேரம் ஒரு வட்டம் போட்டு இரண்டு பேரையும் அதைச் சுற்றி ஓடவிட்டிருப்பார், எது முதல் எது கடைசி என்று எவனும் சொல்ல முடியாதபடிக்கு. அதையே செய்தாள். பிள்ளையின் படத்தை நடுவில் வைத்து, மாமன்மார் பெயரை மாலை மாதிரி சுற்றி வளைத்தாள். சீனிச்சாமி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். “ஒன்ன மாதிரி ஒரு ஆளு பஞ்சாயத்துல இருந்தா ஊருல பாதிச் சண்டை தீந்துரும் தாயி.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு, இது நான் கண்டுபிடித்ததில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் போன பிறகு கடை ரொம்பப் பெரிதாகிவிட்டது. புது மெஷினில் முதல் வேலை நல்ல வேலையாக முடிந்தது, இனி அஞ்சலி போஸ்டர் அடிக்கத் தடையில்லை. ஆனாலும் எழுந்திருக்கக் கால் வரவில்லை. பழையதைப் போட்டு, அது எழும்பாவிட்டால். எழும்பாவிட்டால் அவர் இன்னொரு தடவை போனதாக ஆகிவிடும். இப்படியே தெரியாமல் இருந்துவிட்டால் எங்கோ இருக்கிறது என்றாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே சாயங்காலம் ஆகிவிடும், கோமதி கூப்பிடுவான், மேகமும் புறாவும் வந்துவிடும். எழுந்தாள்.

ஒயர்களை மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். ஃபேன் கிழவர் இருமுவது போல இருமியது, நின்றது, மறுபடி இருமியது. திரை கறுப்பாகவே இருந்தது. அவள் ஒன்றும் கும்பிடவில்லை, கும்பிட்டுப் பார்த்ததெல்லாம் போன வருஷமே முடிந்துவிட்டது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் வந்தது. சீக்கிரம், சூடாவதற்குள், என்று கை பறந்தது. ஃபாண்ட் ஃபோல்டர். கோணல் இருந்தது. அதோ இருக்கிறதே, நான் பார்த்தேனே, எடுத்தேனே. உற்றுப் பார்த்தபோதுதான் அந்தப் பெயருக்கு மேலிருந்த குட்டிப் படத்தின் மூலையில் பொடிசாக ஒரு அம்புக்குறி தெரிந்தது. ஐயோ என்று வந்தது. அவர் பழக்கம் அது. ஃபாண்ட் அதிகமாக ஏற்றினால் மெஷின் நொண்டும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் எழுத்தை வேறெங்கோ வைத்துவிட்டு இங்கே வழி மட்டும் காட்டி வைப்பார். அவள் எடுத்துப் போனது அந்த வழிகாட்டியை. வீட்டை விட்டுவிட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அம்புக்குறியின் மேல் சொடுக்கி, எங்கே காட்டுகிறது என்று பார்த்தாள். டி டிரைவ். கெட்டது. அதற்குள் அவள் கை வைக்காத ஒரு மூலையில் கோணல். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் அங்கே போய் வைத்தீர்கள், அத்தனை பிணத்துக்கு நடுவில் ஏன் கொண்டு வைத்தீர்கள். பிறகு ஞாபகம் வந்தது, வந்ததும் கோபம் போயிற்று. அந்த எழுத்தைத் திரையில் முதல்முதலாகப் பார்த்துச் சிரித்த அன்றைக்கே அவள்தான் சொன்னாள், “இதென்ன, எழவு வீட்டுல ஒப்பாரி வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துகிட்டுக் கெடக்கு?” என்று. அவர் தலையாட்டிவிட்டு ஏதோ மவுஸை நகர்த்தினார். எழவு வீட்டு எழுத்து என்றதும் கெட்டதில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவளுக்கு ஒரு பதில் சொல்லி வைத்திருக்கிறார், அவள் என்றைக்காவது பார்த்துச் சிரிப்பாள் என்று. இத்தனை வருஷம் அவள் பார்க்கவில்லை. பென்டிரைவைச் சொருகி அந்த ஃபோல்டரை முழுசாக இழுத்துப் போட்டாள், நல்லது கெட்டது பார்க்கவில்லை. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முழுசானது. பிடுங்கி எடுத்த கொஞ்ச நேரத்தில் பழையது தானாக அணைந்தது. மறுபடி போட்டுப் பார்த்தாள், இருமல்கூட வரவில்லை.

புதியதில் கோணலை முறையாக ஏற்றினாள், இந்தத் தடவை அம்புக்குறி கிடையாது. தோசை மாவும் லேபிள்காரரும் மழையும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். எல்லாவற்றையும் வாசித்தாள், வாசித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு துடைப்பதை விட்டுவிட்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. போஸ்டருக்கான பக்கத்தைத் திறந்தாள். அவர் படம், சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறபோது எடுத்தது. மேலே கோணலில் அடித்தாள், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பால்வண்ணன். மறைவு என்று அடித்துத் தேதியையும் அடித்தாள். அடித்துவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்து பார்த்தாள். ஏதோ சரியில்லை. படம் சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், அது தெரிந்ததுதான். அப்புறம் புரிந்தது. அவரே எழுதி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. கனி, தோசை மாவு வாங்கணும். கனி, நான் செத்துப் போயிட்டேன். அதே கை, அதே சாய்மானம், ஏதோ பஜார் வரைக்கும் போய்வருகிற சமாச்சாரம் போல. அவர் எழுத்தில் அவர் சாவை அவரைக்கொண்டே எழுத வைத்திருக்கிறாள். இதற்கா இத்தனை தேடினாய். எல்லாவற்றையும் அழித்தாள். வெறும் பக்கத்தில் ஒரு வார்த்தை அடித்தாள், கனி. அவர் எழுத்தில் அவள் பெயர் வந்து நின்றது, ‘க’ ஒரு பக்கம் சாய்ந்து, கொக்கி எங்கேயோ பார்த்துக்கொண்டு. ஒரு வருஷமாயிற்று அந்தப் பெயரை அந்தக் கை கூப்பிட்டு. பக்கத்தில் ஒரு கமாவும் போட்டாள், அவர் போடுவார். போட்டுவிட்டுக் காத்திருந்தாள். கமாவுக்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டு மின்னியது. அடுத்து அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பழையது அத்தனையும் தெரியும், வரிசையாகச் சொல்வாள். புதுசாக ஒன்று, இன்றைக்கு, இந்த நேரத்துக்கு அவர் சொல்வது என்று ஒன்று, ஒரே ஒன்று, அவளால் அடிக்க முடியவில்லை. விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது. அவள் அடித்தால் வரும், எதை அடித்தாலும் வரும், அப்படி வருவது எதுவும் அவர் சொன்னது ஆகாது. இதை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. எழுத்து வந்துவிட்டால் அவரில் கொஞ்சமாவது வந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தாள் போலிருக்கிறது.

கமாவை அழித்தாள், பெயரை அழித்தாள். கெட்டது ஃபோல்டரைத் திறந்து, இதுவரை வேண்டாம் என்று விட்டிருந்த அந்தத் தடித்த கறுப்பு எழுத்தை எடுத்துப் புது மெஷினில் ஏற்றினாள். நினைவஞ்சலி, பெயர், தேதி, கண்ணீருடன் மனைவி சண்முகக்கனி, தம்பி கோமதிநாயகம், குடும்பத்தார் என்று மளமளவென்று அடித்தாள், எத்தனையோ பேருக்கு அடித்த வேலை, கைக்குத் தெரியும். மேகமும் புறாவும் மட்டும் வைக்கவில்லை. அனுப்பினாள். உடனே போன் வந்தது. “பளிச்சுன்னு இருக்கு மதினி,” என்றான் கோமதிநாயகம். கொஞ்சம் தயங்கினான். “அண்ணன் எழுத்துல போடணும்னீகளே. கெடைக்கலையா?”

“கெடைச்சுது.”

“பெறகு என்ன மதினி?”

“எழுத அவுக இல்லையே கோமதி.”

அந்தப் பக்கம் அவன் செருமினான். போனை வைக்கவில்லை.